போர்ட் பிளேரில் உயிர்நீத்தோர்

ஒரு நகரின் பெருமையை அங்குப் பிறந்தோரைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. நாம் வாழும் இத்தீவு நகருக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. 1858-ஆம் ஆண்டில் தண்டனைக் குடியிருப்பாகத் தொடங்கி, போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்நகரின் வரலாற்றை, இங்கு இறந்தோரே எழுதிச் சென்றனர்.

முதற்கண் நினைக்கத்தக்கவர் அறிஞர் பஸ்லே ஹக் கைராபாதி. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்குகொண்டாரென நாடு கடத்தப்பெற்ற இவர், சிறையிருந்தவாறே அக்கிளர்ச்சியின் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். 1861-இல் இங்கேயே மறைந்தார். விடுதலை ஆணையுடன் வந்த மைந்தர், தந்தையின் இறுதி ஊர்வலத்தையே கண்டார் என்று கூறுவர்.

1872 பிப்ரவரி 8 அன்று மாலை, ஹோப் டவுன் துறையில் இராசப் பிரதிநிதி மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பெற்றான். பிரபுவின் உடல் கப்பலேறி அயர்லாந்து சென்றது. கைதிகளுக்கோ ஊர் திரும்பும் பேறு இறந்த பின்னும் வாய்க்கவில்லை.

செல்லுலர் சிறையில் 1933 மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். லாகூர் சதி வழக்கில் தண்டனை பெற்ற மகாவீர் சிங்குக்கு வலிந்து பால் புகட்டினர். அது நுரையீரலிற் புகுந்து அவர் உயிரைப் போக்கியது. மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய இருவரும் அம்மாதமே மாண்டனர். மூவர் உயிரை விலையாகக் கொண்ட பின்னரே விளக்கும் நூல்களும் போன்ற சில வசதிகள் கைதிகளுக்குக் கிட்டின.

ஆங்கிலேயர் அகன்றதும் துயர் தீரவில்லை. 1942-இல் தீவுகளைக் கைக்கொண்ட சப்பானியர், ஒற்றரென ஐயுற்றுப் பலரைச் சிறையிலிட்டனர். அவர்களுள் ஒருவர் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங். சித்திரவதைக்குள்ளாகி, 1944 சனவரி 14 அன்று சிறையிலேயே இறந்தார். இத்தீவுகளின் பழம்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அவரை, பஞ்சாபியர் இன்றும் 'காலாபானி' என்றே அழைக்கின்றனர். நாம் பொங்கலிடும் நாட்களை ஒட்டியே அவர் நினைவு நாளும் வருகின்றது.

இவர்களுள் தமிழர் எவருமிலர். ஆயினும் இவர்கள் நமக்கு அயலாரல்லர். பிழைப்பு நாடி நாம் விரும்பி வந்த மண்ணில், இவர்கள் விலங்கோடு வந்திறங்கினர். ஈமக்கடன் செய்யச் சுற்றமின்றி மாண்டோரும் இங்குப் பலர். அவர்களை நினைத்துப் போற்றும் கடமை, இந்நகரில் குடும்பத்தோடு வாழும் நம்மையே சாரும்.

1979-இல் தேசிய நினைவுச் சின்னமான அச்சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. வெளியூர் விருந்தினர்க்கு அதனைக் காட்டும் நாம், நம் மக்களுக்கும் காட்டுதல் வேண்டும். கல்லில் பொறித்த பெயர்களைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுவோமாக. இத்தீவிலே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு, ஊர்ப்பற்று அங்கிருந்தே தொடங்கட்டும்.