சீதாவாக்கையின் கற்கோயில்



பழைய நகரங்களின் கலைச்செல்வம் என்றதும் உரோமாபுரியையும் புளோரன்சு நகரையும் எண்ணுகின்றோம். நம் நாட்டிலாயின் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் எண்ணுகின்றோம். யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வழியிலே, அவிசாவளையை அடுத்து, எழுபது ஆண்டு மட்டுமே வாழ்ந்து மறைந்த தலைநகர் ஒன்று இருந்ததென்பதை நம்மிற் பலர் அறியார். அதுவே சீதாவாக்கை.

1521இல் விஜயபாகு மன்னன் கொலையுண்டபின், அவன் புதல்வர் மூவரும் கோட்டே இராச்சியத்தைப் பங்கிட்டனர். இளையவனாகிய மாயாதுன்னை பெற்ற பங்கு இது. அவன் மைந்தன் முதலாம் இராசசிங்கன், முல்லேரியாவிலே போர்த்துக்கேயரை முறியடித்தவன்; 1581இல் அரசனாகி, 1587-88இல் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு நடுங்கவைத்தவன்.

இம்மன்னன் அரண்மனைக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் எழுப்பிய கோயிலைச் சிங்கள மக்கள் 'பெரெண்டி கோவில்' என்பர். பைரவ ஆண்டி என்னும் பெயரே இவ்வாறு திரிந்தது என்பது வழக்கு. மரமும் மண்ணும் கொண்டே பெரும்பாலும் மனைகள் எழுந்த ஈரநாட்டிலே, கருங்கல்லைச் செதுக்கித் தென்னிந்திய முறையில் இதனை அமைத்தனர். இன்று விமானமில்லை, மூர்த்தியுமில்லை. எஞ்சியிருப்பவை படிப்படியாய் உயர்ந்த மேடையும், வரிவரியாகச் செதுக்கிய அடித்தளமும், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களுமே. ஆயினும் அவ்வரிகளின் ஒழுங்கைக் காண்போர், தமிழகத்துக் கோயிற் சிற்பிகளின் மரபை அறிந்த கைகளே இங்கு உளிபிடித்தன என்று கருதாதிருத்தல் அரிது. வேலை முற்றுப்பெறவே இல்லை என்றும் ஊரார் சொல்வர்.

சிங்கள மன்னன் சிவாலயம் எடுத்ததேன்? அவன் தந்தையைக் கொன்றான். அப்பாவத்துக்குக் கழுவாய் இல்லையெனப் பிக்குகள் கூறவே சைவரை நாடினான். சிவனொளிபாதமலையையும் அவர்களிடம் ஒப்படைத்தான் என்று சூளவம்சம் பழிக்கின்றது. ஆனால் அப்பகுதி எழுதப்பட்டது 18ஆம் நூற்றாண்டில், கண்டியில், பௌத்தத்தைப் புதுக்கிய கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து எழுந்த குற்றச்சாட்டை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. போருக்கு வீரரும் துணையும் தேடிய அரசன் ஒருவன் தென்னகத்துத் தொடர்பை நாடியிருத்தல் வியப்பன்று. கொலைக்கதை உண்மையோ பொய்யோ, சைவத்தின்பால் அவனுக்கிருந்த பற்றுக்கு இக்கல்லே சான்று.

பொலன்னறுவையிலே சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் சிகரம்வரை இன்றும் நிற்கின்றது. அதற்கு ஐந்நூறு ஆண்டு இளைய இக்கோயிலோ அடித்தளமாய்க் கிடக்கின்றது. 1593இல் இராசசிங்கன் இறக்க, மறு ஆண்டுக்குள் அரசு குலைந்தது, நகரைக் காப்பாரில்லை. சிவனொளிபாதமலை மட்டும் நெடுங்காலம் சைவ ஆண்டிகள் கையிலிருந்து, அதே கீர்த்தி சிறீ இராசசிங்கனால் மீண்டும் பிக்குகளிடம் சேர்ந்தது.