ஆரியசாலைக்கு வந்த முதற்பாட்டனார்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வாழும் தமிழ்க்குடிகள் பலவற்றுக்குப் பூர்வீக ஊர் நினைவிருக்கும். முதலில் வந்த பாட்டனார் யார், எப்போது வந்தார் என்பது மறந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை நிறுவியபின் தமிழ் வணிகர் பலர் இங்கே குடியேறலாயினர். அவர்களைத் தேடுவோர்க்கு வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கிரய ஆதாரமே முதற்சான்று. அதில் காண்பது ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டு. 970 என்றிருப்பின் 1794-95 எனக் கொள்க. பெயரை மட்டும் நம்புதல் தகாது. பாட்டன் பெயரைப் பேரன் தாங்குவது நம் வழக்கம் அன்றோ! இருவரையும் ஒருவராக்கினால் இரண்டு தலைமுறை மறைந்துவிடும்.

ஆதாரம் அற்ற இடத்தில் குலதெய்வம் துணை. நெல்லைச் சீமைக் குடிகளாயின், பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாத்தா கோயிலில் பங்காளிகள் கூடுவர். அங்குள்ள முதியோரைக் கேளுங்கள், நேயர்களே. ‘மலையாளம் போனவர்’ என்று ஒரு பெயர் இன்னும் வழங்கக்கூடும்.