டிஸ்க் இருக்கு, ஆனா இல்ல!

போன மாசம் தங்கச்சி லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையில் அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. பயாஸில் டிஸ்க் பளிச்சுனு தெரியுது. விண்டோஸ் 11 இன்ஸ்டால் பண்ணப் போனா, டிரைவ் எதுவுமே இல்லைங்குது. நாலு வருஷம் என்ஜினியரிங் படிச்சவன் முழிச்ச முழி இருக்கே... "கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்ணா"னு அவளே சொல்லிட்டா.

கோளாறு டிஸ்க்கில் இல்லை. நடுவில் இருக்கிற கன்ட்ரோலருக்கான டிரைவர் என் பென்டிரைவில் இல்லை. தனியா இறக்கிக் குடுத்ததும் டிஸ்க் வந்துடுச்சு. மணி ராத்திரி ரெண்டு. தூக்கம் போனது போச்சுன்னு இந்த வியாதியோட பூர்வீகத்தைத் தேட உக்காந்தேன் மக்களே.

1984-ல் வந்த ஐபிஎம் பிசி/ஏடி, டிஸ்க்கைப் பார்த்து நீ யாருன்னு கேட்காது. நாமதான் சொல்லணும். பயாஸுக்குள் 14 வகை டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். நம்மளது எத்தனாவதுன்னு நம்பர் குடுக்கணும். 2-ம் நம்பர்னா 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர், அதாவது 20 எம்பி. பட்டியலில் இல்லாத டிஸ்க்கா? கிட்டத்தட்டப் பொருந்துற நம்பரைப் போட்டுட்டு மிச்ச இடத்தை மறந்துட வேண்டியதுதான்.

அப்புறம் வந்த ஐடிஇ டிஸ்க், கேட்டா தன் அளவைத் தானே சொல்லும். அப்பாடான்னு பார்த்தா 528 எம்பியில் அடுத்த வில்லங்கம். பயாஸ் 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர் வரை எண்ணும். ஐடிஇ 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர் வரை. தனித்தனியா ரெண்டுமே தாராளம்: அது 8 ஜிபியைத் தாண்டும், இது 130 ஜிபியைத் தாண்டும். சேர்ந்தா மட்டும் ஒவ்வொண்ணிலும் சின்னதுதான் செல்லும். 1024 × 16 × 63 × 512 பைட், பெருக்கிப் பாருங்க. ரெண்டு சம்பந்தியும் வசதியானவங்க, கல்யாணப் பந்தியில் மட்டும் வெறும் சாம்பார் சாதம்ங்கற கதை :)

1990-களின் நடுவில் பயாஸ் பொய் சொல்லித் தப்பிச்சது. சிலிண்டரைக் குறைச்சு ஹெட்டைக் கூட்டிக் காட்டும். டிஸ்க்குக்குள்ள அத்தனை ஹெட் கிடையவே கிடையாது!

அடுத்தது எக்ஸ்பி. 2001-ல் வந்த அந்த சிடியில், பின்னாடி வந்த சாட்டா கன்ட்ரோலர்களுக்கு டிரைவர் ஏது? இன்ஸ்டால் தொடங்கும்போதே எஃப்6 அமுக்கி, டிரைவரை ஃப்ளாப்பியில் தரணும். புது டிஸ்க் வாங்கினவன் பழைய ஃப்ளாப்பி டிரைவைத் தேடி அலைஞ்ச கொடுமையை என்னன்னு சொல்ல. இல்லேன்னா பயாஸில் போய் சாட்டாவை ஐடிஇ மாதிரி நடிக்க வைக்கணும். திரும்பவும் பொய்தான். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் சிடி, பென்டிரைவிலிருந்தும் டிரைவர் தரலாம்னு ஆச்சு.

அன்னிக்கு ராத்திரி நான் அமுக்கின 'லோட் டிரைவர்' பட்டன் அந்த எஃப்6-ஓட பேரன்தான். தங்கச்சி பரீட்சைக்கு நேரத்துக்கு உக்காந்துட்டா. எனக்குத்தான் ஆபீஸ் லேட்டு.