இஞ்சினை ஏமாற்றலாம், பிரேக்கை ஏமாற்ற முடியாது

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வரும் நண்பர்களின் படங்களில் ஒரு மொரிஸ் மைனர் கட்டாயம் இருக்கும். "எவ்வளவு வடிவான கார்!" என்று கீழே பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். அந்தக் கார் இவ்வளவு காலம் ஏன் ஓடியது, எப்படி ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கதையைப் பின் சில்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பாகத்தை வைத்துச் சொல்கிறேன். அதன் பெயர் வீல் சிலிண்டர்.

நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது கால் கொடுக்கும் அழுத்தம் ஒரு மெல்லிய குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஒயில் வழியாகச் சில்லுக்குப் போகிறது. அங்கே விரல் நீளத்தில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதற்குள் இரண்டு பிஸ்டன்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் இறப்பர் கப். ஒயில் தள்ள, பிஸ்டன்கள் இருபுறமும் விலகி, பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். கார் நிற்கும். அந்த இறப்பர் கப் கிழிந்தால் ஒயில் வெளியே வழியும். பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு கப் போனால் நான்கு சில்லின் பிரேக்கும் போகலாம்.

இந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். விமானம் கட்டிய குடும்பம். 1921இல் வந்த டியூசன்பேர்க் கார் நான்கு சில்லிலும் ஒயில் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து பிரேக் ஒயில் எது தெரியுமா? ஆமணக்கெண்ணெயும் அற்ககோலும் கலந்தது. பேதிக்கு என்று அம்மம்மா மூக்கைப் பிடித்துக் குடிக்கத் தந்த அதே ஆமணக்கெண்ணெய்தான். பெற்றோலிய எண்ணெய்கள் இயற்கை இறப்பரை ஊதி இளக வைக்கும். ஆமணக்கெண்ணெய் அப்படிச் செய்யாது.

அந்த இறப்பருக்கும் இலங்கையோடு தொடர்பு உண்டு. பிரேசிலில் இருந்து எடுத்துவரப்பட்ட விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, 1876இல் 1,919 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கங்களில் அது ஒன்று. பின்னாளில் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழ்த் தொழிலாளர்கள்.

இனிக் காருக்கு வருவோம். மொரிஸ் மைனரை (1948) வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். 1922இல் போர் ஊரை விழுங்கியபோது குடும்பத்தோடு கப்பலேறித் தப்பினார். இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது பதின்ம வயது முடியவில்லை. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதன்பின் குறைந்த எரிபொருளில் ஓடும் கார் ஒன்றைக் கேட்டார்கள். அவர் வடிவமைத்த மினி 1959இல் வெளிவந்தது. டென்மார்க்கில் அதை மொரிஸ் மஸ்கொட் என்ற பெயரில் விற்றார்கள். பதிவு வரி விலையை வெகுவாகக் கூட்டும் இந்த நாட்டில் சின்னக் காருக்கு எப்போதும் மவுசு.

இலங்கையிலோ கதை வேறு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட, தெற்கில் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. வடக்கில் போர் வந்தது. 1990இல் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாமே தடைப்பட்ட பொருட்கள். ஏ-9 பாதை 2002 வரை மூடிக் கிடந்தது.

அப்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெற்றோல் விட்டு இஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்ரினுக்கும் மொரிஸுக்கும் இது ஒத்து வந்தது, ஏனென்றால் அவற்றின் இஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. புகை கக்கும், இருமும், ஆனாலும் ஓடும்.

பிரேக் அப்படி இல்லை. ஒயில் இல்லையென்று கையில் கிடைத்த இஞ்சின் ஒயிலை ஊற்றினால் இறப்பர் கப் ஊதிவிடும். பிரேக் பிடித்தபடியே இறுகும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். என் பெரியப்பா அந்த நாட்களில் ஹயர் கார் ஓட்டியவர். "இஞ்சினை ஏமாத்தலாமடா, பிரேக்கை ஏமாத்தேலாது" என்பார். கராஜ்காரர் உருளையைக் கழற்றி, உட்சுவரின் துருவை நெய்யரத்தாளால் பொறுமையாகத் தேய்த்தெடுப்பாராம். கைவிடப்பட்ட வேறொரு காரில் இருந்து நல்ல கப் ஒன்றைத் தேடிப் பொருத்துவாராம். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒழுகும் சில்லுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு மற்ற மூன்று சில்லை நம்பி ஓடுவார்களாம். அந்தக் காரில் கர்ப்பிணிகளும் காயப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஒரு பொறியியல் மாணவனாக இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஒரு பின் சில்லில் மட்டும் பிரேக் இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். மழைத் தெருவில் சுழன்றும் போகலாம். அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி வேறு: இந்தக் கார் ஓடலாமா, அல்லது இந்த நோயாளி வீட்டிலேயே கிடக்கலாமா?

நான் இங்கே என் மஸ்கொட்டின் பின் சிலிண்டர்களை மாற்றியபோது எனக்கு அந்தக் கேள்வி இருக்கவில்லை. குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு அடித்தகட்டை அரித்திருந்தது, ஒயில் டிரம்முக்குள் கசிந்திருந்தது. புதிய சிலிண்டர்கள் தபாலில் வந்தன. ஒரு பக்கம் ஒழுகினாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சிலிண்டரை முன்னால் இருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்து ஒரு பிடிவாதமான வட்டக் கிளிப்பைத் தள்ளிப் பொருத்த வேண்டும். மூன்று கை இருந்தால் சுலபம். பிறகு குழாயில் காற்று இல்லாமல் ஒயிலை வடித்தெடுக்க வேண்டும். 35 வயது தாண்டிய காருக்கு டென்மார்க்கில் எட்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் பரிசோதனை. ஆனால் அன்று உருளைகளில் ஏற்றி, இடமும் வலமும் சமமாகப் பிடிக்கிறதா என்று அளந்துதான் விடுவார்கள். நல்ல சட்டம். உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் எழுதப்பட்ட சட்டம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1990களில், பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து, இலங்கையிலேயே மொரிஸ் மைனர் பாகங்களைச் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதாவது, தீவின் தெற்கில் மொரிஸ் பாகம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் வடக்கே உதிரிப்பாகம் கொண்டுபோகத் தடை இருந்தது.

வெயரின் பெயர் மொரிஸ் மைனரின் வரலாற்றில் இருக்கிறது, இசிகோனிஸுக்கு வாழ்க்கை வரலாறே உண்டு. மண்ணெண்ணெய்க் காலத்தில் அந்தக் கார்களை நிறுத்தக் கூடியவையாக வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கராஜ்காரரின் பெயர்களை நான் எங்கும் வாசித்ததில்லை. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சிலர் ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்ரபுரோவிலும் உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். அடுத்த முறை மொரிஸ் மைனரைப் படம் எடுக்கும்போது, "இதுக்கு ஆர் பிரேக் செய்தது, என்னத்தை வச்சுச் செய்தது?" என்றும் கேளுங்கள். பதிலைப் பெயரோடு எழுதி வையுங்கள்.