கண்டிக்கு வரும் அயடீன்

கண்டி தேசிய வைத்தியசாலையில் அஞ்சியோகிராம் செய்யும்போது இதய நாடிகளுக்குள் செலுத்தப்படும் ‘டை’ பார்வைக்குத் தண்ணீர்போலத்தான் இருக்கும். எக்ஸ்-கதிரை மறித்து, இரத்தக்குழாய்களைத் திரையில் கரிய கோடுகளாகக் காட்டுவது அதிலுள்ள அயடீன். உலகின் அயடீனில் பெரும்பகுதி சிலியின் அட்டகாமா பாலைவனப் படிவுகளிலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் வருகிறது.

மலைநாட்டுக்கும் அயடீனுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இலங்கையின் ஈரவலயத்தில் அயடீன் குறைவால் வரும் கழுத்துக்கழலை நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். மில்லிலீற்றருக்கு 350 மில்லிகிராம் அயடீன் கொண்ட டையில் 50 மில்லிலீற்றர் செலுத்தினால், உள்ளே போவது பதினேழரை கிராம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உண்ணவேண்டியதைச் சில நிமிடங்களில் உடல் ஏற்றுக்கொள்கிறது! ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயடீன் அணுக்களை இறுகப் பிணைத்து வைத்திருப்பதால்தான் இது முடிகிறது. பிரிந்து வரும் சிறு துணுக்குதான் தைரொயிட்டுக்குக் கிடைக்கும்.

பழைய டை இரத்தத்தைவிடப் பலமடங்கு செறிவானது; செலுத்தினால் குழாய் வழியெல்லாம் எரியும். அந்த வேதனையைத் தவிர்க்கமுடியாதென்று ஏற்க மறுத்தவர் சுவீடனின் கதிரியல் வைத்தியர் டோர்ஸ்டன் அல்மேன். உப்புக் கூடிய கடலில் நீந்தினால் கண் எரிகிறது, உப்புக் குறைந்த நீரில் எரிவதில்லை என்ற அனுபவம் அவருக்கு வழிகாட்டியது. அவருடைய யோசனையை ஒஸ்லோவின் நீகார்ட் நிறுவனம் ஏற்றது; 1982இல் அயோஹெக்சோல் சந்தைக்கு வந்தது. நோயாளியின் எரிச்சலைப் பொருட்படுத்திய அந்த மனிதரை வைத்திய மாணவர்கள் பெயர் சொல்லி நினைக்கவேண்டும்.

டையும் மருந்தும் வைத்தியசாலைக்கு வந்துசேரும் வழி எளிதில் அறுந்துபோகக்கூடியது. 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அதே காலத்தில் கொவிட்டால் ஷாங்காய் முடக்கப்பட்டு, அங்கிருந்த டை ஆலையின் உற்பத்தி சரிந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளே டையை அளந்து செலவழித்தன.

இதயக் குழாய்க்குள் டை முதன்முதலில் நேராகப் போனது தவறுதலாக. 1958 ஒக்டோபர் 30இல், கிளீவ்லண்டில் இதய வைத்தியர் மேசன் சோன்ஸ் பெருநாடிக்கென்று வைத்த குழாயின் நுனி வலது முடியுரு நாடிக்குள் நழுவிவிட்டது. நோயாளியின் இதயம் நின்றது. இருமச் சொன்னார், இருமியதும் மீண்டும் துடித்தது. உயிரைப் பறிக்குமென்று அதுவரை நம்பப்பட்ட செயல் அதன்பிறகு பரிசோதனையாயிற்று.

இன்று ஹட்டனிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் நெஞ்சுவலியோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டு நாடி வழியே குழாய் ஏறுகிறது. டை ஓடும் சில துடிப்புகளில் வைத்தியர் பார்ப்பது அடைப்பை மட்டுமல்ல. டை நாடியின் நுனிவரை போகிறதா, எவ்வளவு விரைவில் போகிறது, தங்கி நிற்காமல் கழுவப்படுகிறதா என்பதைக் கொண்டு ஓட்டத்துக்கு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். 0 என்றால் அடைப்பைத் தாண்டி டை போகவே இல்லை.

ஆனால் டை காட்டுவது நிழலை. பாதி ஒடுங்கியதாகத் தெரியும் நாடி தேவையான இரத்தத்தைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, அழுத்தம் அளக்கும் நுண்கம்பியை ஒடுக்கத்துக்கு அப்பால் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தைப் பெருநாடியின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.80க்கு மேலிருந்தால் அந்த ஒடுக்கத்துக்குப் பொதுவாக ஸ்டென்ட் வேண்டியதில்லை. 2009இல் வெளியான ‘ஃபேம்’ ஆய்வில் 1,005 நோயாளர். கண்ணை மட்டும் நம்பிய வைத்தியர்கள் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட் வைத்தார்கள், அளந்து பார்த்தவர்கள் 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை மூன்றும் சேர்த்து அளந்த பக்கத்தில்தான் குறைவு. ‘எத்தனை வீத அடைப்பு’ என்று மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பும் குடும்பங்கள் ‘ஓட்டம் எப்படி’ என்றும் கேட்கவேண்டும்.

வேலை முடிந்த டை சிறுநீரகத்துக்குப் போகிறது. நல்ல சிறுநீரகம் ஒரு நாளைக்குள் கிட்டத்தட்ட முழுவதையும் வெளியேற்றிவிடும். பழுதுபட்டதற்கு அதுவே பாரம். கிராந்துருக்கோட்டை போல, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய ஊர்களும் கண்டிக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் டையின் அளவைக் குறைத்து, முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுகிறார்கள்.