பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு

எழுதி வைக்கப்பெறாத பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் நிலைப்பது அரிது. மலாயாத் தமிழரின் வாழ்வை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவது பழைய பதிவேடுகளையே. தோட்டப்புறத்தின் பெரட்டுக் களத்தில், விடியுமுன் பெயர் கூப்பிட்ட கிராணியின் கையில் இருந்த செக்ரோல் அவற்றுள் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியிருந்த இரயில்வே தொழிலாளரின் ஊதியப் பட்டியல் மற்றொன்று. 1901இல் திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாமில் மூட்டை சுமந்தோரும் ஏதேனும் ஓர் ஏட்டில் ஒரு வரியாகவே எஞ்சியுள்ளனர்.

அப்பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டன. எழுதியவர் தம் செவியில் விழுந்தவாறே எழுதினார். இதனால் ஒரே தந்தையின் பெயர் மூத்த மகனின் சான்றிதழில் ஒருவிதமாகவும், இளைய மகளின் சான்றிதழில் வேறுவிதமாகவும் அமைந்த குடும்பங்கள் பல. 1948இல் மலாயாவில் அடையாள அட்டை முறை நடைமுறைக்கு வந்தபோது, இவ்வெழுத்துப் பிழைகளும் அட்டையில் ஏறி நிலைபெற்றன. ஏட்டில் ஒருமுறை தவறியது எளிதில் திருந்துவதில்லை என்பதற்கு இது சான்று. ஏடு கணினிக்குள் புகுந்தபோது தமிழ்ப்பெயருக்கு நேர்ந்தது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கணினியில் தகவலைச் சேர்த்துவைக்கும் ஒழுங்கமைந்த தொகுப்பினைத் தரவுத்தளம் என்பர். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் என்பார், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் உறவுமுறைக் கோட்பாட்டை வெளியிட்டார். தகவல் உள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அதனைப் பயன்படுத்துவோர் அறியவேண்டிய கட்டாயம் இருத்தலாகாது என்பது அவர்தம் கருத்து. ஒவ்வொரு வரியையும் ஐயமின்றிச் சுட்டுதற்குத் தனித்த திறவுகோல் ஒன்று வேண்டும் என்பதும் அக்கோட்பாட்டின் அடிப்படை. மலேசியர் இதனை எளிதில் உணர்வர். 1990 முதல் வழங்கிவரும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடத்தையும் குறிக்கும். கோலாலம்பூருக்கு 14, சிலாங்கூருக்கு 10. பெயரின் எழுத்து மாறினும் எண் மாறாது. அதுவே திறவுகோல்.

கோட்பாடு இவ்வாறிருப்பினும், 1980களில் சிறு அலுவலகங்களுக்கு வந்த மேசைக் கணினிகளின் நிலை வேறு. டிபேஸ் போன்ற மென்பொருளில் எழுதப்பட்ட நிரலும் அது படிக்கும் கோப்பும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தன. கோப்பின் அமைப்பில் ஒரு பத்தியை மாற்றினால் நிரலையும் திருத்த நேரும். நிரலை எழுதியவர் வேலையை விட்டுச் சென்றால், ஏடு இருந்தும் படிப்பார் இல்லை என்னும் நிலை உண்டாகும்.

இப்பிணைப்பைத் தளர்த்தியது ‘பொருள்’ என்னும் கருத்து. 1960களில் நார்வே நாட்டின் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்டு ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா மொழியில் இது முளைத்தது. தன் தகவலையும் தான் ஆற்றவல்ல செயல்களையும் ஒருங்கே கொண்ட அலகு பொருள் எனப்படும். அதனை ஏவுவோர் அதன் உள்வேலையை அறிய வேண்டுவதில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனம் இக்கருத்தைத் தரவுத்தளப் பணிக்குப் படிப்படியாகப் பயன்படுத்தியது. 1992இல் ஓடிபிசி என்னும் பொது இடைமுகம் வந்தது. பல்வேறு தரவுத்தளங்களுக்கும் நிரலுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் துபாஷி எனலாம் அதனை. 1993இல் விஷுவல் பேசிக் மொழியின் மூன்றாம் பதிப்போடு டிஏஓ என்னும் பொருள்தொகுதியும், 1996இல் ஏடிஓ என்னும் எளிய பொருள்தொகுதியும் வெளிவந்தன. 2002இல் டாட்நெட் தளத்தோடு ஏடிஓ டாட்நெட் தோன்றியது.

ஏடிஓ தொகுதியில் தலையாயவை மூன்று: இணைப்பு, கட்டளை, பதிவுத்தொகுதி. ஒரு பள்ளி அலுவலகத்தை மனக்கண்முன் நிறுத்தினால் இவை விளங்கும். ஆவண அறையின் கதவைத் திறக்கும் சாவி இணைப்பு. ‘நான்காம் ஆண்டு மாணவர் பட்டியல் வேண்டும்’ என எழுதி அனுப்பும் சீட்டு கட்டளை. எழுத்தர் எடுத்துவந்து மேசைமேல் வைக்கும் தாள்கட்டு பதிவுத்தொகுதி. அலமாரி மரமா இரும்பா என்று தலைமையாசிரியர் வினவுவதில்லை. அவ்வாறே தகவல் ஆக்செஸ் கோப்பில் உள்ளதா, பெரிய வழங்கியில் உள்ளதா என்பது நிரலின் பெரும்பகுதிக்குத் தேவையற்றதாயிற்று. காட் விரும்பிய விடுதலை மேசைக் கணினிக்கும் பெருமளவு கிட்டியது.

ஆயினும் தமிழ் எழுத்துக்கு அவ்விடுதலை உடனே கிட்டவில்லை. தொடக்கக் காலத்தில் கணினியின் ஓர் எழுத்திடம் 256 குறிகளுள் ஒன்றையே தாங்கும். தமிழ் எழுத்துரு செய்தோர் அவ்விடங்களைத் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டனர். தரவுத்தளத்தில் தங்கியவை எண்களே. எழுதிய எழுத்துருவை மாற்றினால், பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் தோன்றும். மேலும், ‘கை’ என எழுதுகையில் ஐகாரக் குறியே முதலில் பதிவானமையால், அவ்வெழுத்தில் தொடங்கும் பெயர் ககர வரிசையில் வந்து சேராது. சாவியும் சீட்டும் செவ்வனே இயங்கின. தாளில் இருந்த பெயரே படிக்க இயலாததாயிற்று.

இக்குறையைக் களையும் முயற்சியில் மலேசியத் தமிழருக்கும் பங்குண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் அது முரசு அஞ்சல் என வளர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர் மின்னஞ்சல் வழியே கலந்தாய்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் தரங்கள் எழுந்தன. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. ஒரே எழுத்துக்குப் பல எண்கள் என்னும் பூசல் தீரவேண்டும் என்பதே அக்காலத்துப் பெருங்கவலை.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 அதனைத் திரையில் காட்டவும் வல்லதாயிற்று. ஆக்செஸ் 2000 யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் திறன் பெற்றது. ஆனால் 1998இல் வந்து பெரிதும் பரவிய விஷுவல் பேசிக் ஆறாம் பதிப்பின் எழுத்துப் பெட்டிகளோ பழைய குறிப்பக்க முறையிலேயே நின்றன. தமிழுக்கென விண்டோஸில் அத்தகைய குறிப்பக்கம் இல்லை. எனவே தரவுத்தளத்தில் செம்மையாக இருந்த யூனிகோடு பெயர், பதிவுத்தொகுதி வழியே பழுதின்றி வந்தும், பெட்டியில் வெறும் கேள்விக்குறிகளாகத் தோன்றும். அறியாதார் அதனை அப்படியே சேமித்துவிட்டால், கேள்விக்குறிகளே உள்ளே சென்று மூலப்பெயரை அழித்துவிடும். செவிக்குப் பட்டவாறு எழுதிய கிராணியும் இத்தகைய கொடுமை செய்தாரல்லர். அவர் பெயரைத் திரித்தாரேயன்றி அழிக்கவில்லை.

டாட்நெட் வருகைக்குப் பின் திரைப் பெட்டிகளும் யூனிகோடு முறைக்கு மாறின. இன்றும் விழிப்பு வேண்டியுள்ளது. அகல எழுத்தைத் தாங்காத பத்தியில் தமிழை இட்டால் பழைய கேள்விக்குறிகள் மீண்டும் தலைகாட்டும். யூனிகோட்டின் எண் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கும். வரிசைப்படுத்தும் விதியைத் தனியே குறிப்பிட்டாலன்றிப் பட்டியல் முறைப்பட அமையாது.

மற்றொன்றும் கருதற்பாலது. மேலைநாட்டு நிரல்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு பத்திகளை வகுத்து வருகின்றன. மலேசியத் தமிழர்க்கோ குடும்பப்பெயர் இல்லை. மகனின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் இடையே ‘ஏ/எல்’ என்றும், மகளாயின் ‘ஏ/பி’ என்றும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் நிற்கும். தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் நிரல், பிள்ளையைத் தந்தை பெயரால் அழைத்துவிடுகிறது. பத்தியை வகுப்போர் மக்களின் வழக்கை அறிந்தே வகுத்தல் வேண்டும்.

செக்ரோல் மறைந்தது, டிபேஸ் மறைந்தது, விஷுவல் பேசிக் ஆறும் பழம்பொருளாயிற்று. நிரல்கள் மாறும்; பெயர்கள் எஞ்ச வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஆலயத்திற்கோ சங்கத்திற்கோ நூலகத்திற்கோ நிரல் எழுதும் இளைஞர், உரோமன் எழுத்துப் பத்தியின் அருகே தமிழ் எழுத்துக்கும் ஒரு பத்தி வைத்து, அதனை யூனிகோட்டில் நிரப்புவாராயின், பாட்டன் பெயர் பேரனுக்குப் பிழையின்றிக் கிட்டும். பெரட்டுக் களத்தில் நின்றோர்க்குத் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்று பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அவ்வாய்ப்பு இன்று உண்டு.