இருபதில் ஒரு பங்கு

முத்துக்குளிப்புக்கு அந்தக் காலத்திலேயே ஒரு காப்பீடு இருந்தது தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். எடுத்த முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா கடிக்காம மந்திரம் போட்டுக் கட்டுறவங்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான், ராத்திரி அவிழ்த்திடுவாங்களாம். நஷ்டம் வந்தா காசு கிடைக்காது. தண்ணிக்குள்ள இறங்கத் தைரியம் கிடைக்கும்.

இருபதில் ஒண்ணுன்னா 5 சதவீதம். இன்னைக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வாழைக்கு விவசாயி கட்ட வேண்டிய உச்சமும் அதே 5 சதவீதம்தான். கார் நெல்லுக்கு 2, பிசான நெல்லுக்கு 1.5.

ஆனா இது முழு விலை இல்லை. மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் போடுது. 1985-ல் நாடு முழுக்கப் பயிர்க் காப்பீடு வந்தப்போ நெல்லுக்கு மொத்தப் பிரீமியமே 2 சதவீதம். 2016-ல் இப்போதைய திட்டம் வந்தது. பிரீமியம் ஏறிக்கிட்டே போகவும், 2020-ல் மத்திய அரசு பாசன நிலத்துக்கு 25, மானாவாரிக்கு 30 சதவீதப் பிரீமியம் வரைக்கும்தான் தன் பங்கைத் தருவேன்னு சொல்லிட்டுது. பீகாரும் குஜராத்தும் செலவு தாங்காம விலகிக்கிட்டது.

ஏன் ஏறுது? நூறு பேர் கட்டி, அஞ்சு பேர் நஷ்டத்தை அடைக்கிறதுதான் காப்பீட்டுக் கணக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுறதை விட அதிகம். குளங்கள் உடைஞ்சு நெல், வாழை, உப்பளம், கடை, வீடு எல்லாம் ஒண்ணா முங்குச்சு. நூறு பேருக்கும் நஷ்டம்னா யார் காசை எடுத்து யாருக்குக் கொடுக்க? காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும்னு விஞ்ஞானிகள் சொல்லுறாங்க. அப்போ இந்த மாதிரி மழை இன்னும் வரும்.

பயிருக்காவது மானியம் உண்டு. வீட்டுக்கும் கடைக்கும் முழுப் பிரீமியமும் சொந்தக்காரர் தலையில்தான். இது நம்ம ஊர்ப் பாடு மட்டும் இல்லை. காட்டுத்தீக்குப் பயந்து கலிபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி 2023 மே மாதம் புது வீட்டுப் பாலிசி கொடுக்கிறதையே நிறுத்திட்டுது. அங்க கம்பெனி விலகுது, இங்க எங்களை மாதிரி ஆட்கள் பாலிசி பக்கமே போறதில்லை.

பிசானத்துக்கு நான் பிரீமியம் கட்டிருவேன். என் வீட்டுக்குப் பாலிசி கிடையாது. அதுக்கு நான் நம்பி இருக்கிறது குளத்துக் கரையை. மழைக்கு முன்னாடி கரையைப் பலப்படுத்தி, மடையைச் சரி பண்ணி, ஓடையைத் தூர் வாரினா நஷ்டம் குறையும். நஷ்டம் குறைஞ்சாத்தான் பிரீமியமும் குறையும்.